வீட்டு சோப்பு: எந்த முறை நமக்கு ஒத்துவரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செய்த சோப்பை யாருக்காவது கொடுத்தால், ஒரு வாரத்தில் கேள்விகள் வந்துவிடும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். முன்னால் சொன்னது பின்னால் தேவைப்படும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. வீட்டில் சோப்பு செய்ய எத்தனை முறைதான் இருக்கிறது? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

நான்கு முறைகள். எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் வெதுவெதுப்பான சூட்டில் கலந்து, அச்சில் ஊற்றி, மீதி வேலையை அதன் போக்கில் முடிய விடுவது குளிர்முறை. கோல்ட் ப்ராசஸ் என்று பலரும் சொல்வது இதைத்தான். அதே கலவையை அடுப்பில் வைத்து, முழுக்கச் சோப்பாக மாறும்வரை வேகவைத்து, பிறகு அச்சில் அடைப்பது சூட்டுமுறை, அதாவது ஹாட் ப்ராசஸ்.

மூன்றாவது மெல்ட் அண்ட் போர். வேறொருவர் செய்து விற்கும் சோப் பேஸை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து ஊற்றுவது. நான்காவது ரீபேட்ச். நீங்களே செய்து சரியாக வராத சோப்பைத் துருவி, கொஞ்சம் நீர் விட்டு உருக்கி மறுபடி அச்சில் போடுவது.

2. காஸ்டிக் சோடா இல்லாமல் செய்ய முடியாதா? அந்தப் பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

முடியாது. எண்ணெயும் காரமும் சேர்ந்து மாறினால்தான் அது சோப்பு. எண்ணெய் என்பது கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்த பொருள். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காஸ்டிக் சோடா அந்தப் பிணைப்பை உடைக்கிறது. கொழுப்பு அமிலம் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகிறது, கிளிசரின் தனியே பிரிந்து கட்டிக்குள்ளேயே தங்குகிறது. கொழுப்பு இப்படித்தான் கட்டமைந்திருக்கிறது என்று காட்டியவர் செவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அந்த ஆய்வுகளை 1823-இல் நூலாக வெளியிட்டார்.

மெல்ட் அண்ட் போரில் நீங்கள் சோடாவைத் தொடமாட்டீர்கள், உண்மைதான். ஆனால் சோப்பால் ஆன பேஸ் என்றால் அதைச் செய்தவர் தொட்டிருக்கிறார். சில பேஸ்கள் சோப்பே அல்ல, செயற்கை நுரைப்பொருள். உறையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

3. அப்படியானால் அந்தச் சோடா என் தோலில் வந்து படுமே?

அளவு சரியாக இருந்தால் படாது. போட்ட சோடா முழுவதையும் எண்ணெய் எடுத்துக்கொள்ளும். அதோடு நாம் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும்படி சோடாவைக் குறைத்தே போடுகிறோம். இதை சூப்பர்ஃபேட் என்பார்கள். நான் மிச்ச எண்ணெய் என்றே சொல்லப்போகிறேன். 5 சதவீதம் என்பது வழக்கமான அளவு.

முடிந்த சோப்பிலும் காரத்தன்மை இருக்கும். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவில் 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. அது சோப்பின் இயல்பு. அதை வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டு 7-க்கு இறக்கப் பார்த்தால் சோப்பு உடைந்து, பிசுபிசுப்பான கொழுப்பு அமிலமாகிவிடும்.

4. முதல் தடவை செய்கிறேன். எந்த முறையில் தொடங்குவது?

சிறு பிள்ளைகளோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க வேண்டும் என்றால் மெல்ட் அண்ட் போர். சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் குளிர்முறை, அதுவும் 500 கிராம் எண்ணெய் அளவில். இடைப்பட்ட படி என்று எதுவும் தேவையில்லை. மெல்ட் அண்ட் போரில் பத்துத் தடவை பழகினாலும் சோடாவைக் கையாளுவது அன்றைக்குப் புதிதாகத்தான் இருக்கும்.

சிலர் சூட்டுமுறையை முதலில் எடுப்பார்கள், சீக்கிரம் முடிகிறது என்பதற்காக. ஆனால் கொதிக்கும், பொங்கும், கெட்டிப்படும் ஒரு கலவையில் எது சரி எது தவறு என்று பார்க்கப் பழகாத கண்ணுக்குத் தெரியாது. கலவையின் பதத்தைக் குளிர்முறையில் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு அங்கே போவது நல்லது.

5. என்னென்ன சாமான் வேண்டும்? சமையலறையில் இருப்பதே போதுமா?

கட்டாயம் வேண்டியது டிஜிட்டல் தராசு. 1 கிராம் துல்லியம் போதும். கரண்டி, கப் கணக்கில் சோப்பு செய்யக் கூடாது, நீரையும் எடை போட்டே எடுங்கள். அடுத்தது ஹேண்ட் பிளெண்டர். அது இல்லாமலும் செய்யலாம், ஆனால் 5 நிமிட வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். கண்ணைச் சுற்றி மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, அச்சுக்கு ஒரு சிலிக்கான் தட்டு அல்லது உள்ளே காகிதம் விரித்த பெட்டி, ஒரு வெப்பமானி. அவ்வளவுதான்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது. சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சோடாக் கரைசலுக்கு, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக் ஜாடி நன்றாகத் தாங்கும். கண்ணாடி வேண்டாம். தடித்த கண்ணாடி ஜாடி ஒன்றில் பல மாதம் சோடா கரைத்து வந்தேன். ஒருநாள் சூட்டோடு அடிப்பகுதி கழன்று கரைசல் முழுவதும் மேடையில் கொட்டியது. சோடா கண்ணாடியை உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அன்றைக்கு நீண்ட கையுறை போட்டிருந்ததால் தப்பித்தேன். இதற்குப் பயன்படுத்தும் பாத்திரங்களைச் சமையலுக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள்.

6. சோடாவில் தண்ணீர் ஊற்றுவதா, தண்ணீரில் சோடா போடுவதா? கையில் பட்டால் என்ன செய்வது?

தண்ணீரில்தான் சோடா. குளிர்ந்த நீரை எடுத்து, சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் ஓரிடத்தில் சூடு குவிந்து தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் 80 டிகிரிக்கு மேல் ஏறும், நெடி வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், ஜாடிக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

தோலில் பட்டால் ஓடும் நீரில் நிறைய நேரம் கழுவுங்கள். வினிகர் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். காரமும் அமிலமும் சேர்ந்தால் இன்னும் சூடு கிளம்பும், நீரில் கழுவ வேண்டிய நேரமும் வீணாகும். கண்ணில் பட்டால் 20 நிமிடமாவது விடாமல் நீர் விட்டபடி, வேறொருவரைக் கொண்டு மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

7. எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு சோடா? இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எல்லா முறைகளுக்கும் அடிப்படை இந்தக் கணக்கு. அதனால் நிதானமாகவே சொல்கிறேன். ஒவ்வோர் எண்ணெயும் சோப்பாக மாற எடுத்துக்கொள்ளும் சோடா வேறு வேறு. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், ஆலிவ் எண்ணெய்க்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128, பாமாயிலுக்கு ஏறக்குறைய 0.142 என்று வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் 150 கிராம், ஆலிவ் 300, விளக்கெண்ணெய் 50, மொத்தம் 500 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். 150-ஐ 0.183-ஆல் பெருக்கினால் 27.45. ஆலிவுக்கு 40.5. விளக்கெண்ணெய்க்கு 6.4. கூட்டினால் 74.35 கிராம். இதில் 5 சதவீதம் குறைத்தால் 70.6 கிராம் சோடா. நீர் அதைப் போல இரண்டு மடங்கு, 141 கிராம். அச்சில் விழும் கலவை 700 கிராமுக்குச் சற்று மேல், அதாவது ஏழு கட்டி.

இணையத்தில் சோப்புக் கணிப்பான்கள் இருக்கின்றன, அவற்றில் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு தடவையாவது காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்த்தால், பிறகு யாராவது தரும் செய்முறையில் எண் தவறியிருந்தால் கண்ணில் படும். நான் எங்கிருந்து எடுத்த செய்முறையானாலும் கணக்கைத் திரும்பப் போடாமல் சோடாவை அளப்பதில்லை.

8. ஆலிவ் எண்ணெய் இருக்கிறது, தேங்காய் எண்ணெய் இல்லை. மாற்றிப் போட்டால் என்ன ஆகிவிடும்?

மேலே உள்ள கலவையில் தேங்காய் எண்ணெயின் இடத்தில் அதே 150 கிராம் ஆலிவ் போட்டு, சோடாவை மாற்றாமல் விட்டீர்கள் என்று வையுங்கள். இப்போது எண்ணெய்க்குத் தேவை 67.15 கிராம் சோடாதான். நீங்கள் போட்டது 70.6. மிச்ச எண்ணெய் ஒரு துளி இல்லை, மாறாக ஏறக்குறைய மூன்றரை கிராம் சோடா சோப்பில் தங்கிவிடும். அது தோலை எரிக்கும் சோப்பு. எண்ணெய் மாறினால் கணக்கும் மாற வேண்டும்.

சோப்பின் குணமும் மாறும். தேங்காய் எண்ணெய் கட்டியைக் கெட்டியாக்கும், பெரிய நுரை தரும், அழுக்கை நன்றாக எடுக்கும். அளவு மிஞ்சினால் தோல் வறண்டு இழுக்கும். அதனால்தான் முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்பவர்கள் மிச்ச எண்ணெயை 20 சதவீதம் வரை வைக்கிறார்கள். ஆலிவ் மென்மையானது, நுரை சின்னது, நனைந்தால் கொஞ்சம் கொழகொழப்பு. விளக்கெண்ணெய் நுரையை நிற்க வைக்கும். ஆனால் 10 சதவீதத்தைத் தாண்டினால் கட்டி ஒட்டும் தன்மைக்கு வந்துவிடும்.

9. 'ட்ரேஸ் வரும்வரை கலக்கவும்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். ட்ரேஸ் என்றால் என்ன?

எண்ணெயும் சோடாக் கரைசலும் இனிமேல் பிரியாது என்று ஆகும் பதம். கரண்டியை எடுத்து மேலிருந்து கொஞ்சம் சொட்டவிட்டால், விழுந்த கோடு உடனே மறையாமல் மேற்பரப்பில் தடமாக நிற்கும். மோர்க்குழம்பு பதத்தில் இருந்தால் இளம் ட்ரேஸ், அச்சில் ஊற்ற வசதி. தோசை மாவு அளவுக்கு வந்தால் முதிர்ந்த ட்ரேஸ், இனித் தாமதிக்கக் கூடாது.

எண்ணெயும் கரைசலும் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது கலந்தால் நிதானமாக வரும். ஹேண்ட் பிளெண்டரை நாலைந்து நொடி ஓட்டுங்கள், நிறுத்திக் கையால் கிளறுங்கள், மறுபடி ஓட்டுங்கள். ஒரு எச்சரிக்கை. உறையும் எண்ணெய்கள் நிறைய இருந்து கலவை மிகவும் குளிர்ந்துவிட்டால், எண்ணெய் உறைவதே ட்ரேஸ் போலக் காட்டும். அது பொய்ப் பதம். அச்சில் ஊற்றியபின் பிரிந்துவிடும்.

பதம் வந்ததும் மணம் சேர்த்து, அச்சில் ஊற்றி, மூடி, துணி சுற்றி வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் எடுத்து வெட்டலாம். கையுறையோடு வெட்டுங்கள்.

10. சூட்டுமுறையில் செய்தால் மறுநாளே குளிக்கலாமாமே? பிறகு எதற்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்?

குளிக்கலாம், ஆபத்தில்லை. அடுப்பிலேயே மாற்றம் முடிந்துவிடுகிறது. ஆனால் நாம் காத்திருப்பது சோடாவுக்காக மட்டும் இல்லை. குளிர்முறையிலும் சோடா பெரும்பாலும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் வரும் 4 முதல் 6 வாரங்களில் நீர் வற்றுகிறது, சோப்பின் உள் படிக அமைப்பு சீராகிறது. கட்டி கெட்டிப்படும், நுரை கூடும், தோலுக்கு இதமாகும், குளியலறையில் கரைந்து ஓடாது. க்யூரிங் என்று சொல்லும் இந்தக் காலம் சூட்டுமுறைக்கும் தேவை, ஏனென்றால் அதில் நீரை இன்னும் கூடுதலாகப் போடுகிறோம்.

7-ஆம் கேள்வியின் கலவையைச் சூட்டுமுறையில் செய்தால் நான் 141-க்குப் பதில் 190 கிராம் நீர் வைப்பேன். ட்ரேஸ் வந்ததும் பாத்திரத்தைக் கொதிநீருக்குள் வைத்து மூடிவிட வேண்டும். ஓரங்களில் பொங்கி உள்ளே மடியும், நடுவில் வெள்ளையாக இருந்தது மெல்ல மெல்ல வாஸ்லைன் போலக் கண்ணாடித்தன்மைக்கு வரும். ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். பாத்திரம் கலவையைப் போல இரண்டு மடங்காவது பெரிதாக இருக்கட்டும், பொங்கினால் வழியும்.

11. ஒரே கலவையை இரண்டு முறையிலும் செய்தால் வித்தியாசம் தெரியுமா?

நான் செய்து பார்த்திருக்கிறேன். இதே மூன்று எண்ணெய்க் கலவை, ஒரே நாளில், பாதி குளிர்முறை, பாதி சூட்டுமுறை. முதல் வாரத்தில் வித்தியாசம் நிறையத் தெரிந்தது. குளிர்முறைக் கட்டி வழவழவென்று, விளிம்பு கூர்மையாக. சூட்டுமுறைக் கட்டி மேடும் பள்ளமுமாக, கையால் பிடித்து வைத்தது போல. இரண்டு மாதம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு குளித்தால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து என் எண்ணம் இதுதான்: சோப்பின் குணத்தை முடிவு செய்வது எண்ணெய்க் கலவை. முறை முடிவு செய்வது உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதை. குளிர்முறையில் ஒரு மணி நேர வேலை, பிறகு பொறுமை. சூட்டுமுறையில் அரை நாள் அடுப்படியில் நிற்க வேண்டும், ஆனால் மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். எது உங்களுக்குச் சலிப்பு தராதோ அதுதான் உங்கள் முறை. அதைக் கண்டுபிடிக்க, ஒரே கலவையை வைத்துக்கொண்டு முறையை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எதனால் எது வந்தது என்று தெரியாது. ஒரு நோட்டில் தேதி, எடை, சூடு, ட்ரேஸ் வர ஆன நேரம் எல்லாம் எழுதி வையுங்கள்.

12. சூட்டுமுறையில் கடைசியில் நல்ல எண்ணெய் சேர்த்தால் அது அப்படியே தங்கும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. சூட்டுமுறையின் பெரிய லாபமே அதுதான். குளிர்முறையில் விலையுயர்ந்த எண்ணெயை ட்ரேஸ் வந்தபின் சேர்த்தாலும், அந்த நேரத்தில் சோடாவில் பெரும்பகுதி இன்னும் மீதி இருக்கிறது. எது சோப்பாகும், எது தங்கும் என்று நாம் சொல்ல முடியாது. சூட்டுமுறையில் வெந்து முடியும்போது சோடா தீர்ந்துவிட்டது. அப்போது சேர்ப்பது எண்ணெயாகவே இருக்கும்.

இதற்குச் சோடாவைக் குறைக்காமல் 74.35 கிராமே போட்டு வேகவைத்து, 18-ஆம் கேள்வியில் சொல்லும் சோதனையைச் செய்து, பிறகு 25 கிராம் எண்ணெய் கலப்பார்கள். தராசின் மேல் முழு நம்பிக்கை வந்தபின் இதைச் செய்யுங்கள்.

13. அச்சில் ஊற்றிய சோப்பு நடுவில் மட்டும் கருத்து, ஈரமாக, ஒளி ஊடுருவுவது போல இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. அது ஜெல் நிலை. மாற்றம் நடக்கும்போது சூடு கிளம்பி, 60 முதல் 80 டிகிரி வரை போனால் நடுவிலிருந்து இப்படி ஆகும். ஆறியதும் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஓரம் வரை பரவாமல் நின்றுவிட்டால் வெட்டும்போது நடுவில் ஒரு வட்டம் தெரியும், அழகுக் குறை மட்டுமே. முழுக்க ஜெல் வர வேண்டும் என்றால் நன்றாகப் போர்த்தி வையுங்கள். வரவே கூடாது என்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். நிறம் அழுத்தமாக வர எனக்கு ஜெல் வந்த சோப்புதான் பிடிக்கும்.

14. போட்ட மணம் ஒரு மாதத்தில் காணாமல் போகிறது. எந்த முறையில் மணம் நிற்கும்?

மெல்ட் அண்ட் போரில் நன்றாக நிற்கும், ஏனென்றால் அங்கே சோடா கிடையாது. அடுத்தது சூட்டுமுறை. வெந்தபின் சேர்ப்பதால் சோடா அதைத் தாக்காது. ஆனால் சூட்டில் ஆவியாகும், அதனால் கொஞ்சம் ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். ஆற ஆறக் கெட்டிப்படுவதால் அந்த இடைவெளி மிகச் சிறியது.

அதைவிட முக்கியம் எந்த மணம் என்பது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தைலங்கள் எந்த முறையிலும் சீக்கிரம் போய்விடும். பச்சிலை (பச்சௌலி), வெட்டிவேர் போன்றவை நெடுநாள் நிற்கும். 500 கிராம் எண்ணெய்க்கு மொத்தம் 15 கிராம், அதாவது 3 சதவீதம் என்பது பொதுவான உச்சம். கிராம்பு, பட்டைத் தைலங்கள் தோலை உறுத்தும், அவற்றுக்கு அளவு மிகமிகக் குறைவு. குளிர்முறையில் அவை கலவையை நொடியில் கெட்டியாக்கவும் செய்யும். வெனிலா மணம் சோப்பைப் பழுப்பாக்கும், அது தவறல்ல.

15. தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றினேன், ஆரஞ்சு நிறமாகி நாற்றம் வந்தது. என்ன தவறு?

சூடு. 6-ஆம் கேள்வியில் சொன்ன 80 டிகிரியில் பாலின் சர்க்கரை கருகுகிறது. பாலை உறைய வைத்துக் கட்டியாக எடுத்து, ஜாடியை ஐஸ் நீரில் நிறுத்தி, சோடாவைத் துளித்துளியாகத் தூவுங்கள். அல்லது சோடாவை அதன் எடைக்குச் சம அளவு நீரில் கரைத்துவிட்டு, மீதி நீருக்கான அளவு பாலை எண்ணெயில் கலந்துகொள்ளுங்கள். எனக்கு இரண்டாவதுதான் எளிது. சோடா எடைக்குக் குறைவான நீரில் அது முழுக்கக் கரையாது, அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். பால், தேன், சர்க்கரை எது சேர்த்தாலும் அச்சில் சூடு அதிகம் ஏறும், போர்த்த வேண்டாம். பாலுக்குக் குளிர்முறைதான் சரி. அடுப்பில் வைத்தால் நிறம் நிச்சயம் மாறும்.

16. மணத்தைச் சேர்த்ததும் கலவை கல்லாகிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். கையுறையோடு பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்து 10-ஆம் கேள்வியில் சொன்னபடி வேகவையுங்கள். இளகிவிடும். தயிர் போலத் திரிந்து எண்ணெய் தனியாக நின்றாலும் இதே வைத்தியம். குளிர்முறை செய்கிறவர் சூட்டுமுறையும் தெரிந்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

17. மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இன்னொன்றில் ஆரஞ்சுப் புள்ளிகள். இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. வெள்ளைப் பூச்சு சோடியம் கார்பனேட். மேற்பரப்பில் இன்னும் மாறாத சோடா காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உண்டானது. அதனால் கெடுதல் இல்லை, ஆவி காட்டினாலோ ஈரத்துணியால் துடைத்தாலோ போய்விடும். ஊற்றியவுடன் மூடி வைத்தால் குறையும். சூட்டுமுறையில் இது வருவதே அபூர்வம்.

ஆரஞ்சுப் புள்ளிகள் எண்ணெய் சிக்குப் பிடித்ததன் அடையாளம். மோந்து பார்த்தால் தெரியும். பழைய எண்ணெய், சூரியகாந்தி போன்ற சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் எண்ணெய் அதிகம் சேர்ப்பது, மிச்ச எண்ணெய் மிகுதி, இரும்பு அல்லது செம்பு படுவது, ஈரக்காற்று எல்லாம் காரணம். துருப்பிடித்த கம்பித் தட்டில் சோப்பைக் காயவைக்காதீர்கள்.

18. சோப்பு பாதுகாப்பாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பிஎச் காகிதம் வாங்கலாமா?

பிஎச் காகிதம் சோப்பில் சரியாகக் காட்டாது, நம்பாதீர்கள். பழக்கத்தில் உள்ளது நாக்குச் சோதனை. குளிர்முறையானால் அச்சில் ஊற்றி இரண்டு நாளாவது ஆனபின், சூட்டுமுறையானால் வெந்த கலவையில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து, ஈர விரலால் அதைத் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் லேசாகத் தொட வேண்டும். சோப்புச் சுவை மட்டும் வந்தால் சரி. சுருக்கென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் சோடா மிச்சம் இருக்கிறது, உடனே கொப்பளித்துவிடுங்கள். கட்டியின் மேல் வெள்ளைக் குருணையோ நீர்க்குழியோ தெரிந்தால் நாக்கே வேண்டாம், அது சோடாவாக இருக்கலாம்.

ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அளவுத் தவறு. தவறு எவ்வளவு என்று நோட்டில் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். 8-ஆம் கேள்வியில் மிஞ்சிய மூன்றரை கிராம் சோடாவுக்கு 26 கிராம் ஆலிவ் எண்ணெய் வேண்டும், மிச்ச எண்ணெயாக இன்னொரு 25. கையுறையோடு சோப்பைத் துருவி, இந்த 51 கிராமையும் சேர்த்து ரீபேட்ச் செய்யலாம். எவ்வளவு மிஞ்சியது என்றே தெரியவில்லையா? பயன்படுத்த வேண்டாம்.

19. நுரையே வரவில்லை. கலவை தவறா?

முதலில் வேறு நீரில் நுரைத்துப் பாருங்கள். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும், அதுவே வாளியில் ஒட்டும் வெள்ளை அழுக்கு. மழைநீரில் நுரை வந்தால் சோப்பு சரி. மிச்ச எண்ணெய் 10 சதவீதத்தைத் தாண்டினாலும் நுரை படுத்துவிடும். ஆலிவ் மட்டும் போட்டது என்றால் ஆறு மாதம் பொறுங்கள்.

20. சாம்பல் நீரில் இயற்கையாகச் செய்யலாமே?

1791-இல் லெப்ளாங்க் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் உப்பிலிருந்து சலவைச் சோடா (சோடியம் கார்பனேட்) எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெறும்வரை சோப்புக்காரர்கள் பெரிதும் நம்பியிருந்தது சாம்பலைத்தான். செய்ய முடியும். ஆனால் விறகுச் சாம்பலில் வருவது முக்கியமாகப் பொட்டாசியம் கார்பனேட், சுண்ணாம்பு சேர்த்தால்தான் வீரியம் ஏறும். கிடைப்பது குழைவான சோப்பு. ஒவ்வொரு தடவையும் வீரியம் மாறுவதால் 7-ஆம் கேள்வியின் கணக்கு எதுவும் போட முடியாது. கையைச் சுடுவதில் அதுவும் காரம்தான். ஆர்வத்துக்காகச் செய்யலாம், முகத்தில் போட நான் கொடுக்கமாட்டேன்.

21. கட்டி சோப்பைத் துருவி நீரில் போட்டால் திரவ சோப்பு ஆகிவிடுமா?

கொழகொழப்பான கூழ் ஆகும், சில நாளில் கட்டிப்படும். திரவ சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். சோடாவின் அளவை 1.403-ஆல் பெருக்கினால் அதன் அளவு வரும். நம் கலவைக்கு 74.35 என்பது 104.3 கிராம் ஆகும். விற்பனைக்கு வருவதில் பலவும் 90 சதவீதத் தூய்மை உள்ளவை, அப்படியானால் அதை 0.9-ஆல் வகுத்து 116 கிராம். மிச்ச எண்ணெய் 2, 3 சதவீதத்துக்கு மேல் போனால் மேலே மிதக்கும். பெரும்பாலோர் இதைச் சூட்டுமுறையில்தான் செய்கிறார்கள்.

22. சரி, நீங்கள் எந்த முறையில் நின்றீர்கள்?

குளிர்முறையில். இரவு எல்லாரும் தூங்கிய பிறகு எண்ணெயை உருக்கி, ஒரு மணி நேரத்தில் ஊற்றிப் போர்த்திவிட்டு, மறுநாள் மாலை அச்சைத் திறக்கும் அந்த நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். விலையுயர்ந்த எண்ணெய் யாராவது கொடுத்தால் மட்டும் சூட்டுமுறை. துண்டுகளும் ஓரங்களும் ஒரு டப்பாவில் சேரும். அரைக் கிலோ ஆனதும் துருவி, இரண்டு மூன்று கரண்டி நீர் தெளித்து, கொதிநீரில் வைத்து ரீபேட்ச் செய்துவிடுவேன். பல நிறமும் கலந்து வரும் அந்தக் கட்டிகள் வெளியே போவதில்லை. எங்கள் வீட்டில் கை கழுவுவது அதில்தான்.